ஃபோர் பை ஃபோர் என்று சொல்லி விற்கப்பட்ட பழைய தார்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் பழைய மஹிந்திரா தார் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி, என்று சொல்லி எனக்கு விற்ற வண்டியில் முன் சக்கரங்களுக்கு எஞ்சினோடு தொடர்பே இல்லை.

எனக்கு இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே வண்டி வேண்டும். வார நாட்களில் சரவணம்பட்டியில் ஆபீஸ். விடுமுறை என்றால் ஆனைகட்டிப் பக்கம் தோட்டம். கடைசிப் பகுதி மண் பாதை. மழை பெய்தால் சாதாரண கார் ஏறாது. புது வண்டி கட்டுப்படியாகாது என்பதால், 2020 அக்டோபரில் மாடல் மாறுவதற்கு முன்பு வந்த தாரில் சிஆர்டிஇ என்ற வகை போதும் என்று முடிவு செய்தேன். 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், 105 குதிரைத்திறன். பின்னால் பட்டை ஸ்பிரிங் என்பதால் தினமும் ஓட்டினால் குலுக்கல் இருக்கும், ஆனால் எளிமையான வண்டி, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2016 மாடல் ஒன்று கிடைத்தது. ஆர்சி, சேஸிஸ் நம்பர், இன்சூரன்ஸ், கடன் பதிவு எல்லாம் அரசின் எம்பரிவாஹன் செயலியில் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எஞ்சினிலும் குறை தெரியவில்லை. ஃபோர் பை ஃபோர் வேலை செய்கிறதா என்று கேட்டேன். வியாபாரி லீவரைத் தள்ளினார், டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. "பாத்துக்கங்க சார், பக்கா கண்டிஷன்" என்றார். ஓட்டிப் பார்க்கலாமா என்றதற்கு, "ரோட்டுல அதப் போட்டு ஓட்டக் கூடாது சார், டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடும்" என்றார். எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் கியர் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதுதான் என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிறது. இந்த மாதிரி வண்டிகளில், முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹையில் போட்டதும், அச்சுகளுக்குப் போகும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். காய்ந்த ரோட்டில் வளைவு திரும்பினால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போயாக வேண்டும். டயர் வழுக்க இடமில்லாததால் அந்த இறுக்கம் முழுவதும் கியர்களில் ஏறும். ஆக, நியாயமான ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே என்னைச் சோதிக்க விடாமல் தடுத்துவிட்டார். விளக்கு எரிவதற்கும் சக்கரம் சுற்றுவதற்கும் சம்பந்தமில்லை. லீவர் நகர்ந்ததை ஒரு ஸ்விட்ச் உணர்ந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். 6.75 லட்சம் கொடுத்து வண்டியை எடுத்தேன்.

முதல் பெரிய மழையிலேயே குட்டு உடைந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் குறைந்த வேகத்தில் அதிக இழுவை தரும் ஃபோர் லோ போட்டு மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. வெளியே நின்ற தோட்டத்து அண்ணன்தான் கத்தினார்: "தம்பி, முன் சக்கரம் அசையவே இல்லீங்க!" கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்தது.

மறுநாள் மெக்கானிக் வண்டியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்தார். "ஏனுங்க, முன்னாடி ஷாஃப்ட்டே இல்லீங்களே?" டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போக வேண்டிய ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். அது இருந்த ஃபிளாஞ்சில் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, போல்ட் ஓட்டைகளில் கிரீஸ் அப்பி, அடிப்பாகம் முழுக்க புதுக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். முன் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினால் பால் டீ மாதிரி வந்தது. தண்ணீர் இறங்கி பேரிங் அரித்துப் போயிருந்தது. அந்தச் சத்தம் ரோட்டில் எனக்குக் கேட்காததற்குக் காரணம், வண்டியில் போட்டிருந்த பெரிய மட் டயர்கள். அவை போடும் ஹூங்கார இரைச்சலில் பேரிங் சத்தம் அமுங்கிவிடும்.

அந்த டயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மாடலுக்கு கம்பெனி கொடுத்தது 235/70 அளவு, 16 அங்குல டயர். அதைவிடப் பெரிய டயர் போட்டால் ஓடோமீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்தே காட்டும், மைலேஜ் அடிபடும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு இது வேண்டாத வேலை. போதாக்குறைக்கு, ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார்.

வியாபாரிக்கு போன் செய்தால், "நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க" என்கிறார். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் "ஃபோர் பை ஃபோர் ஃபுல் வொர்க்கிங்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ரிப்பேர் செலவு ஒரு லட்சத்தை நெருங்கியது.

நீங்கள் பார்க்கப் போகும்போது ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மண் தரைக்குக் கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்றால் அந்த வண்டியே வேண்டாம். ஃபோர் ஹையில் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, நடை வேகத்தில் வட்டமடியுங்கள். ஸ்டீயரிங் இறுகி, முன் டயர் மண்ணை உரசிக்கொண்டு போக வேண்டும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹையில் திரும்பியது போலவே லேசாகத் திரும்பினால் முன் அச்சுக்கு சக்தி போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஃபோர் லோ, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து ஏறும். அப்புறம் குனிந்து அடியில் பாருங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தால் சேஸிஸ் வெல்டிங், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாவற்றையும் ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் ஃபோர் பை ஃபோர் எழுத்தை நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் கடையிலேயே கிடைக்கிறது. பழைய தாரிலேயே டிஐ என்ற வகை டூ வீல் டிரைவாகவும் வந்தது. புது தாரிலும் 2023 ஜனவரியிலிருந்து டூ வீல் டிரைவ் விற்கிறார்கள்.

வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துக்கூட வழி கேட்கலாம். நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையும் அடிப்பாகப் போட்டோக்களும் தயாராக இருக்கின்றன. பதில் வராவிட்டால் அடுத்து ஆணையம்தான். அதே வியாபாரி இன்னொரு தாரை ஃபோர் பை ஃபோர் என்று விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். உங்களுக்கும் அப்படி ஒரு வண்டியின் போட்டோ வந்திருந்தால், போய்ப் பார்ப்பதற்கு முன்பே அடிப்பாக வீடியோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.