பழைய 531 சைக்கிள் ஃபிரேம் வாங்கப் போறீங்களா? என் 740 பவுண்டு போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

கோபத்தில்தான் எழுதுறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கோங்க. பழைய பொருட்களைத் தனியாட்கள் விற்கிற ஒரு பெரிய இணையச் சந்தை. பேர் போட்டா பதிவையே தூக்கிடுவாங்க, அதனால போடலை. அதில் ஒரு ஆளிடம் 740 பவுண்டு கொடுத்து, 531-ங்கிற உயர்தர எஃகுக் குழாயில் செஞ்சதுன்னு சொன்ன 1978-ஆம் வருஷ ரோடு சைக்கிள் வாங்கினேன். வந்து இறங்கினது வேற ஒண்ணு. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில் முழுசா எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

"ஒரு பழைய இரும்பு சைக்கிளுக்கா இத்தனை காசு?"ன்னு வீட்டிலேயே கேட்டாச்சு. நான் இருக்கிறது பர்மிங்ஹாம். இதே ஊர் டைஸ்லி பக்கம்தான் ரெனால்ட்ஸ் ஆலை 531 குழாயைச் செஞ்சது. குழாயோட முனை தடிப்பா, நடு மெல்லிசா வர்ற மாதிரி இழுக்கிற வித்தைக்கு அவங்க 1897-லேயே காப்புரிமை வாங்கிட்டாங்க. மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த 531 எஃகு வந்தது 1935-ல். ஜாகுவார் ஈ-டைப் காரோட முன்பக்கச் சட்டகத்துக்குக்கூட இந்தக் குழாய்தான். இன்னொண்ணு தெரியுமா? ரெனால்ட்ஸ் 1928-ல் போய்ச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான், 1949-ல் முருகப்பா குடும்பத்தோட கூட்டு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினது. அந்த ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் அடிச்சு வளர்ந்தவன் நான். பாசம் வராம எப்படி?

கார்பன் ஃபிரேம் எடையில் ஜெயிச்சிடும், வாதமே இல்லை. ஆனா குழாய்கள் சேர்ற இடத்தில் அதுகளை இணைக்கிற லக்குங்கிற உறையோட விளிம்பை ஒருத்தர் உட்கார்ந்து அரத்தால் மெலிச்சிருப்பார் பாருங்க, அதைக் கார்பனில் காட்டுங்க. கை கீழே போய் டவுன் டியூபில் (முன்னாடி சாய்வா இறங்குற குழாய்) இருக்கிற கியர் லிவரைத் தொட்டு, சத்தத்தைக் கேட்டே சங்கிலி சரியா உட்கார்ந்துச்சான்னு கண்டுபிடிக்கிற சுகம் இன்னிக்கு வர்ற பட்டன் கியரில் கிடையாது. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

விளம்பரத்தில் போட்டிருந்தது: முழுக்க 531 டபுள் பட்டர்ட் (நான் மேல சொன்ன, முனை தடிச்சு நடு மெலிஞ்ச குழாய்), 56 செ.மீ., இத்தாலியக் கம்பெனி கம்பன்யோலோவோட நுவோவோ ரெக்கார்ட் பாகங்கள், ஒரே குடும்பம் ஓட்டினது. படங்கள் பிரமாதம். சிவப்புப் பெயின்ட், குரோம் பூசின ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) நுனி, குழாயில் பச்சையும் தங்கமுமா 531 ஸ்டிக்கர். நான் உடனே வாங்கிடலை. போனில் பேசணும்னு கேட்டேன், அவரும் தயங்காம எண் கொடுத்தார்.

அந்தப் போன்தான் என்னை நம்ப வெச்சது. மனுஷன் விலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அவங்க அப்பா ஞாயித்துக்கிழமை விடியற்காலையில் 25 மைல் டைம் டிரயல் (ஒவ்வொருத்தரா கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுற போட்டி) ஓட்டப் போவாராம். போட்டி நடக்கிற ரோட்டுக்கு ஊர் பேர் சொல்லாம ரகசியக் குறியீடு மட்டும் வெச்சிருப்பாங்களாம், போலீஸ் கண்ணில் படாம இருக்க. அதெல்லாம் நிஜமாவே இங்கே இருந்த வழக்கம், அதனால இன்னும் நம்பினேன். அப்புறம் அவரே சொன்னார்: "கிராங்கோட (பெடல் மாட்டுற தண்டு) பின்பக்கம் பாருங்க, டைமண்டுக்குள்ள 8 இருக்கும். படம் அனுப்புறேன்." அனுப்பினார். கம்பன்யோலோவில் எழுபதுகளில் செஞ்ச கிராங்குக்கு டைமண்டுக்குள்ள எண், எண்பதுகளுக்கு வட்டத்துக்குள்ள எண். டைமண்டில் 8-ன்னா 1978. ஏமாத்துறவன் இதையெல்லாம் தானா எடுத்துக் கொடுப்பானா? கடைசியா என் உயரத்தைக் கேட்டார். "உங்களுக்குப் பொருந்தும்னா மட்டும் வாங்குங்க, இன்னொருத்தர் 800 தரேன்னு நிக்கிறார், ஆனா அப்பா சைக்கிள் ஓட்டுறவங்க கைக்குத்தான் போகணும்." 740 பவுண்டை அன்னிக்கு ராத்திரியே அந்தத் தளம் வழியாத்தான் கட்டினேன், வெளியில் இல்லை.

பெட்டி வந்தது. தூக்கும்போதே கை சொல்லிடுச்சு. இந்த அளவு 531 ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து மூணு கிலோவுக்குள்ள நிக்கணும். இது மூணரையைத் தாண்டுச்சு. சீட் போஸ்டை (சீட்டைத் தாங்குற கம்பி) உருவினேன், அதில் பொறிச்சிருந்த விட்டம் 26.2 மில்லிமீட்டர். அங்கேயே குட்டு உடைஞ்சது. அது நுழையற சீட் டியூபோட வெளி விட்டம் 28.6 மில்லிமீட்டர். டபுள் பட்டர்ட் 531-ல் மேல் முனைச் சுவர் 0.6 அளவில் இருக்கும், ரெண்டு பக்கமும் கழிச்சா 27.4, அதுக்குள்ள போறது 27.2 போஸ்ட். 26.2 போஸ்ட் கச்சிதமா உட்காருதுன்னா சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல. சாதாரணத் தண்ணிக் குழாய் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு! அந்த ஸ்டிக்கர் பழைய சைக்கிளைப் புதுப்பிக்கிறவங்களுக்காக அச்சடிச்சு சில பவுண்டுக்கு விக்கிறது. தப்பில்லாத பொருள்தான். ஒட்டின இடம்தான் தப்பு.

கிராங்கைக் கழட்டித் திருப்பினேன். வட்டத்துக்குள்ள 3. படத்தில் காட்டின கிராங்க் எங்கேயோ இருக்கு, எனக்கு வந்தது 1983. அதுவும் வலது கிராங்கில், பல்சக்கரத்தைத் தாங்குற கிளை பெடல் தண்டோட சேர்ற மூலை இருக்கே, அங்கே முடி மாதிரி ஒரு கோடு. இந்த மாடல் கிராங்க் விரிசல் விடுறதே அந்த மூலையில்தான். மேல பாலிஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, நகத்தை வெச்சு இழுத்தா தட்டுது. ஏத்தத்தில் எழுந்து மிதிக்கும்போது அது முறிஞ்சா என் பல் போயிருக்கும். பிரேக்கும் ஹப்பும் அசல், ஒத்துக்கிறேன். அதுக்கு 740 பவுண்டா?

இனிமேதான் கூத்து. அவருக்கு எழுதினேன். பதில்: "ஸ்டிக்கர் ஒட்டினது நான் இல்லை, நானே போன வருஷம் ஒருத்தர்கிட்ட இப்படியேதான் வாங்கினேன்." அப்போ அப்பா? 25 மைல்? அதைக் கேட்டதும் பதில் நின்னு போச்சு, போனும் எடுக்கலை.

தளத்தில் புகார் போட்டேன். முதல்ல ரோபோ பேசுச்சு, "உங்கள் பொறுமைக்கு நன்றி." அப்புறம் ஒரு அம்மா: "சிவப்பு நிற சைக்கிள் என்று விளம்பரம், சிவப்பு நிற சைக்கிள் வந்திருக்கிறது, பழைய பொருளில் தேய்மானம் இயல்பு." சீட் போஸ்ட் கணக்கை விளக்கினேன். 531 இல்லைன்னு அங்கீகாரம் பெற்ற நிபுணர் சான்றிதழ் வேணுமாம். அப்படி ஒரு சான்றிதழ் யார் தர்றாங்க, எந்த அலுவலகம்? பக்கத்தில் பழைய சைக்கிள் பழுது பார்க்கிற பெரியவர் ஒருத்தர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ஏத்தி அனுப்பினா, கிராங்கை நீங்களே மாத்தியிருக்கலாமேன்னு விற்றவர் சொல்றாராம், புகார் மூடப்பட்டது. என்னைத் திருடன்னு சொல்றாங்க, காசு இழந்தவனை! பேங்கில் கேட்டா, இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு, தளத்திடம் பேசுங்கன்னு திருப்பி விட்டாங்க. தளம் பேங்கைக் காட்டுது, பேங்க் தளத்தைக் காட்டுது, நடுவில் 740 பவுண்டு காணாமப் போச்சு.

இங்கே தனியாள் விற்றாலும் சொன்னபடி பொருள் இருக்கணும், பொய் சொல்லி விற்றா 1967-ஆம் வருஷ மிஸ்ரெப்ரசன்டேஷன் சட்டம் இருக்கு. சிறு வழக்கு போட 70 பவுண்டு கட்டணம், அதையும் கட்டத் தயார். ஆனா வழக்குக்கு அவரோட முகவரி வேணும். பெட்டியில் இருந்தது ஒரு பார்சல் கடையோட முகவரி. தளத்தைக் கேட்டா தனியுரிமையாம். அவருக்குத்தான் தனியுரிமை, எனக்குக் கிடையாது.

முழுசா எழுதுறேன்னு சொன்னேன், இப்போ நிதானம் இல்லை. முக்கியமானதை மட்டும் கேட்டுக்கோங்க. சீட் போஸ்ட் எண் தெரியற மாதிரி படம் கேளுங்க; தர மறுத்தா அத்தோட விட்டுடுங்க. ஸ்டிக்கரை நம்பாதீங்க, அது எதையும் நிரூபிக்காது. கிராங்கின் பின்பக்கப் படத்தை ஃபிரேமில் மாட்டின நிலையில், பக்கத்தில் தேதி எழுதின தாளோட எடுக்கச் சொல்லுங்க, தனிப் படம் வேண்டாம். ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற முன்குழாய்) பின்னாடி டவுன் டியூபின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்க, பெயின்ட் மடிப்பு விட்டிருந்தா எங்கேயோ மோதின வண்டி. முடிஞ்சா நேரில் போய்த் தூக்கிப் பார்த்துக் காசு கொடுங்க. "அப்பாவோட சைக்கிள்"னு ஆரம்பிச்சாலே, அப்பா அதில் உட்கார்ந்திருக்கிற ஒரு போட்டோவாவது கேளுங்க.

மீதியை அப்புறம் எழுதுறேன். தளத்தோட மேலதிகாரிகிட்ட பேசணும்னா மத்தியானம் ஒரு மணிக்குள்ள கூப்பிடணுமாம், இப்பவே அரை மணி நேரமா லைனில் பாட்டுப் போட்டுட்டு இருக்காங்க.