சொத்தைப் பால் பல்லுக்கு எஸ்.டி.எஃப்.: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

பல்லைக் குடையும் மெஷினைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்ளும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொத்தை வந்தால், எஸ்.டி.எஃப். எனும் 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு திரவத்தைத்தான் முதலில் பரிந்துரைப்போம். ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் புழங்கும் மருந்து. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்லும், சொத்தையில் கரைந்த பல்லை ஃபுளோரைடு இறுக்கும். ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை.

குழியில் அடைந்த சோற்றுப் பருக்கையைத் துடைத்தெடுத்து, உதட்டிலும் ஈறிலும் வாசலின் தடவி, பஞ்சு வைத்துப் பல்லை உலர்த்த வேண்டும். நுண்ணிய பிரஷ்ஷால் மருந்தை ஒரு நிமிடம் தேய்த்து, மிச்சத்தைப் பஞ்சில் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு சொட்டு நாலைந்து பல்லுக்குத் தாங்கும். எச்சில் பட்டாலோ குழியில் உணவு மிச்சமிருந்தாலோ மருந்து ஊறாது. பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்.

இரண்டிலிருந்து நாலு வாரத்தில் திரும்பக் காட்டுங்கள். சொத்தை கறுத்துக் கெட்டியாகியிருந்தால் நின்றுவிட்டது என்று பொருள். பழுப்பாக, கீறினால் மெதுமெதுவென்றிருந்தால் மறுபடி தடவ வேண்டும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே தடவையோடு விட்டுவிடுபவர்களுக்குச் சொத்தை மறுபடி கிளம்பலாம்.

பெரிய குறை அந்தக் கறுப்புதான். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுக்கும். முன்பல் என்றால் சிரிக்கும்போதெல்லாம் தெரியும். தடவுவதற்கு முன்பே போட்டோவைக் காட்டிப் பெற்றோரிடம் சம்மதம் வாங்காத கிளினிக்கை நம்பாதீர்கள். தோலில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் போய்விடும், சட்டையில் பட்டது போகாது. கடைவாய்ப் பல்லில் மேலே கிளாஸ் அயனோமர் என்ற பல் நிறச் சிமெண்டை அடைத்தால் குழியும் மூடும், கறுப்பும் ஓரளவு மறையும்.

ராத்திரியில் தானாக வலித்து அழும் பல், ஈறில் சீழ்க்கட்டி வந்த பல், ஆடும் பல் இவற்றுக்கு இது உதவாது. சொத்தை நரம்பு வரை போயிருக்கும். வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், வாய்ப்புண் ஆறாத நேரத்திலும் கூடாது.

பால் புட்டியோடு தூங்க விட்டால் பக்கத்துப் பல் சொத்தையாவதை இந்த மருந்தும் தடுக்காது. பேஸ்ட் வாங்கும்போது 1000 பி.பி.எம். ஃபுளோரைடாவது இருக்கிறதா பாருங்கள். குழந்தைகளுக்கென்று விற்பவற்றில் ஃபுளோரைடே இல்லாதவையும் உண்டு. மூன்று வயது வரை அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு, தினம் இருவேளை, பெரியவர் கையால்.