பூண்டா, வெந்தயமா, பார்லியா, சுண்டலா? கெட்ட கொழுப்பைக் குறைப்பது எது?

ஆறு மாதம் அப்பா தினமும் வெறும் வயிற்றில் இரண்டு பல் பூண்டைப் பச்சையாக மென்றார். கண்ணில் நீர் வழியும், ஆனாலும் விடமாட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு அசையவே இல்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், எந்த உணவு எவ்வளவு குறைக்கும் என்று தேடிப் படித்தேன்.

பூண்டை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேரைப் பிரித்து, ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரைகளும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வந்தது: எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். சொல்லும்படி இறங்கவில்லை. ரசத்துக்குப் பூண்டு வேண்டும். கொழுப்புக்காக அதை மென்று கண்ணீர் விட வேண்டாம்.

வெந்தயத்தில் விஷயம் இருக்கிறது. இரவில் ஊறவைத்ததைக் காலையில் விரலால் தொட்டால் நூலாக இழுக்கிறதே, அந்த வழுவழுப்புதான் வேலை செய்கிறது. குடலில் கூழாகி, கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து தயாரிக்கும் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ளும். இடிப்பது அளவுதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளில் நாளுக்கு 25 முதல் 100 கிராம் வரை கொடுத்தார்கள். நாம் விழுங்கும் ஒரு தேக்கரண்டியோ சுமார் நான்கு கிராம். அத்தனை கசப்பை வருடக்கணக்கில் யாரால் தின்ன முடியும்? சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் அளவைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். வெந்தயம் சர்க்கரையையும் இறக்கும்.

ஓட்ஸிலும் பார்லியிலும் இதே போன்ற வழுவழுப்பு பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்தால் வருகிறது. நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் எல்.டி.எல். 5 முதல் 7 சதவீதம் குறையும். அதற்கு ஓட்ஸ் 75 கிராமாவது வேண்டும். காலையில் ஒரு சிறு கிண்ணம் போதாது. எனக்குப் பார்லியே பிடித்தம். அதில் இந்த நார்ச்சத்து தானியம் முழுக்கப் பரவியிருப்பதால் தோல் நீக்கினாலும் தங்குகிறது. ஆனால் பல வீடுகளில் பார்லியை வேகவைத்து, வடித்த நீரைக் குடித்துவிட்டுத் தானியத்தைக் கொட்டுகிறார்கள். மனது பதறுகிறது. நார்ச்சத்தின் பெரும்பகுதி அதில்தானே இருக்கிறது! மோர் ஊற்றிக் கஞ்சியாக முழுதும் சாப்பிடுங்கள்.

சுண்டலுக்குத்தான் என் முதல் ஓட்டு. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான அலசலின்படி, வேகவைத்த பயறு, பருப்பு வகைகள் நாளுக்கு 130 கிராம் சாப்பிட்டால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைகிறது. பார்லியைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் கொண்டைக்கடலையோ காராமணியோ, ஒரு கிண்ணம் தின்ன யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மாலை பஜ்ஜியின் இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்கிறது.

தாளிக்கும் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ‘கொலஸ்டிரால் இல்லாதது’ என்று போட்டிருப்பது உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும்தான் அது பெயரளவுக்கு மேல் கிடையாது. ஆனால் அதன் கொழுப்பில் 90 சதவீதம் நிறைவுற்றது, எல்.டி.எல்.லை ஏற்றுவது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இந்த வகையில் எவ்வளவோ மேல்.

அப்பாவுக்கு இப்போது காலையில் பார்லிக் கஞ்சி, மாலையில் சுண்டல். மருத்துவர் எழுதிய மாத்திரை இரவில் தொடர்கிறது. பூண்டு ரசத்துக்குத் திரும்பிவிட்டது.