ஃபோம் கவசமா, பிரிண்டர் கவசமா: மலை ஊருக்கு எது சரிப்படும்?

காஸ்ப்ளேக்கு, அதாவது பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போடுவதற்கு, கவசம் செய்ய இறங்கும் யாருக்கும் முதலில் வரும் கேள்வி, மெத்தென்ற ஈவிஏ ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டுவதா, இல்லை பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக உருவம் செய்யும் த்ரீடி பிரிண்டரில் அடித்துவிடுவதா என்பதுதான். இரண்டுக்கும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் சொல்லும் யோசனைகள் சமவெளிக்கும் ஏசி அறைக்கும் பொருந்துகிற அளவுக்குக் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பொருந்துவதில்லை. மழைக்காலத்தில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் தொங்கும் ஊர், பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கும் ஊர் இது. இங்கே செய்கிற கவசத்துக்குக் கணக்கே வேறு. நான் இரண்டிலும் செய்திருக்கிறேன்: பிரிண்டரில் ஒரு விண்வெளி வீரன் ஹெல்மெட், ஃபோமில் சோழர் படைத்தலைவன் மாதிரி நானே வரைந்த மார்புக்கவசமும் தோள்கவசமும். இனிமேல் உடம்பில் மாட்டுவது எதுவானாலும் ஃபோமில்தான் செய்வேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நுணுக்கமான வேலைப்பாட்டில் பிரிண்டர் ஜெயிக்கும், எடையில் ஃபோம் ஜெயிக்கும். பிரிண்டர் வேண்டுமென்றால் முதலிலேயே 20,000 ரூபாயை ஒட்டி எடுத்து வைக்க வேண்டும். ஃபோமுக்கு 2, 5, 10 மில்லிமீட்டரில் சில ஷீட்டுகள், பிளேடு மாற்றுகிற கத்தி, சூடான காற்றை ஊதும் ஒரு ஹீட் கன், ஒரு டப்பா சொல்யூஷன் (செருப்பு ஒட்டும் பசை) இருந்தால் ஆரம்பித்துவிடலாம். அட்டையில் செய்வது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பயிற்சிக்கு நல்லது, வார்ப்புரு வெட்டிப் பார்க்க அதைவிட மலிவான பொருள் இல்லை. ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டினால் நமுத்துப்போகும். எனவே அதை இங்கே போட்டியில் சேர்க்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. செய்யும்போது ஈரத்தைச் சமாளிப்பது, செய்தபிறகு வீட்டில் வைத்திருப்பது, மலையிறக்கிக் கொண்டுபோவது, உடைந்தால் சரிசெய்வது, இந்த நாலும் சேர்ந்ததுதான் நான் சொல்லும் பராமரிப்பு.

காலண்டரைப் பாருங்கள். நம் பக்கத்து காமிக் கான் (காமிக்ஸ், காஸ்ப்ளே ரசிகர்கள் கூடும் விழா) எல்லாம் குளிர்கால விவகாரம். சென்னையில் முதல்முறை நடந்தது 2024 பிப்ரவரியில், பெங்களூரில் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே நடக்கிறது. ஆக, நாம் உட்கார்ந்து வேலை செய்யும் மாதங்கள் அக்டோபர், நவம்பர், டிசம்பர். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஊரிலேயே ஈரம் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் வந்து மாட்டும். ஊட்டிக்காரர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை அதிகம் என்றாலும், மூடுபனி அவர்களையும் விடாது. கொடைக்கானலிலும் இதே கதைதான்.

பிரிண்டரில் பெரும்பாலும் ஓட்டுவது பிஎல்ஏ ஃபிலமென்ட், அதாவது ரீலில் சுற்றி வரும் பிளாஸ்டிக் இழை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ரீலை மாட்டினால், இழை உருகி வெளிவரும் நாசிலில் நீர் ஆவியாகிப் படபடவென்று சின்னதாக வெடிக்கும் சத்தம் கேட்கும், பாகத்துக்குப் பாகம் நூல் நூலாக இழுக்கும், மேல்பரப்பு சொரசொரப்பாக வரும். ரீல் நொறுங்கும் பதத்துக்குப் போய் நடுவில் ஒடிந்து போவதும் உண்டு. இதற்கு மருந்து இருக்கிறது. 45 முதல் 50 டிகிரி சூட்டில் சில மணிநேரம் ரீலை உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, டப்பாவிலிருந்தே நேராக மிஷினுக்கு இழுத்து ஓட்டலாம். செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் சமவெளியில் எப்போதாவது செய்கிற வேலையை இங்கே மழைக்காலம் முழுக்க விடாமல் செய்ய வேண்டும். அப்புறம் கரண்ட். காற்று மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் ஹெல்மெட் பாதியில் நிற்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி பல மிஷின்களில் இருக்கிறது, ஆனால் குளிரில் மிஷினின் அடித்தட்டு ஆறியதும் அடிப்பாகம் கழன்றுகொண்டால் அந்த வசதியால் பயனில்லை.

அடித்து முடித்தால் வேலை முடிந்துவிடாது. படிப்படியாகத் தெரியும் கோடுகளை மறைக்க பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். பனி இறங்கிய நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். பளபளப்பாக வர வேண்டிய கருப்பு, சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும்.

சரி, ஃபோமுக்கு ஈரத்தால் தொல்லையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது முக்கியமாக ஓரிடத்தில்தான் இருக்கிறது, அங்கே கவனமாக இருந்தால் பெரும்பாலும் போதும். ஈவிஏ ஃபோமின் உள்ளே இருக்கும் குமிழ்கள் மூடியவை, தண்ணீரைக் குடிக்காது, நமுக்காது. பெரிய தொல்லை ஒட்டும்போதுதான். செருப்புக் கடைக்காரர்கள் சொல்யூஷன் என்று சொல்லும் பசைதான் ஃபோமுக்கும். ஃபெவிகால் எஸ்ஆர் 998 அந்த ரகம். இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, சேர்த்து அமுக்க வேண்டும். பசையிலிருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். அதன்மேல் சேர்த்து அமுக்கினால் ஒட்டினது போலத் தெரியும், நிகழ்ச்சியன்று தோள்கவசம் வாய் பிளக்கும். இந்த விஷயத்தில் எந்த வீடியோவையும்விட எனக்கு உதவியது குன்னூர் மார்க்கெட் பக்கம் செருப்புத் தைக்கும் ஒரு அண்ணன். “பூசின உடனே ஒட்டிப்போடாதீங்க தம்பி. விரல வெச்சா பிசுபிசுக்கக் கூடாது, நூலும் இழுக்கக் கூடாது. அதுக்கப்புறம் சேத்து ஒரே அமுக்கு. மழை நாள்ல இன்னும் கொஞ்சம் பொறுங்க.” அதோடு நான் சேர்த்துக்கொண்டது இவ்வளவுதான்: பூசுவதற்கு முன்பே ஹீட் கன்னால் ஃபோமை லேசாக வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, ஹீட் கன்னை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் ஒட்டுவது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பசைகளில் இருக்கும் கரைப்பான் தீப்பிடிக்கும், அதன் ஆவியும் தீப்பிடிக்கும். மலை வீடுகளில் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்போ ஹீட்டரோ போட்டுக்கொண்டு உட்காருவது வழக்கம். அந்த அறையில் சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போடுங்கள். தூசிக்குப் போடும் துணி மாஸ்க் இதற்கு உதவாது.

மேல்பூச்சிலும் மலைக்கென்று ஒரு மாற்றம் உண்டு. வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து பல பூச்சு அடித்து ஃபோமின் துளைகளை அடைப்பது மலிவான வழி, சமவெளியில் நன்றாகவே வேலை செய்கிறது. இங்கே அது காய்வதற்கே நாளாகும், காய்ந்தபிறகும் ஈரக் காற்று பட்டால் மறுபடி ஒட்ட ஆரம்பிக்கும். ஃபோமின் முகத்தில் ஹீட் கன்னை ஓட்டினால் ஒரு நொடியில் மேல்பரப்பு மினுமினுப்பாக மாறுவதைப் பார்க்கலாம், துளைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். அதன்மேல் ரப்பர் வகைப் பூச்சு, அதற்குமேல் அக்ரிலிக் பெயின்ட். வளையும் இடங்களில் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், வெடிப்பு விடும்.

வைத்திருப்பதைப் பொறுத்தவரை நியாயமாகச் சொன்னால், அடித்து முடித்த பிஎல்ஏ ஹெல்மெட்டை ஈரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஃபோமையும் செய்யாது. பூசணம் பிடிப்பது உள்ளே ஒட்டிய துணியிலும் எலாஸ்டிக்கிலும் வெல்க்ரோவிலும்தான், ஏனென்றால் வியர்வை அங்கேதான் தங்குகிறது. அதனால் உள்துணியைக் கழற்றித் துவைக்கிற மாதிரி வெல்க்ரோவில் பொருத்துங்கள், தோல் வாருக்குப் பதில் நைலான் வார் போடுங்கள். ஃபோமுக்கென்று ஒரு கூடுதல் வேலை உண்டு, அழுத்தி மடித்து வைத்தால் மடிப்பு விழும். என் மார்புக்கவசத்துக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைக்கிறேன், வடிவமும் நிற்கும், ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். ஆனால் மழைக்காலத்தில் தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். பாச்சை உருண்டை போடுவதில்லை, அந்த வாசனை ஃபோமில் ஏறினால் லேசில் போகாது. பாலித்தீன் பையில் கட்டி வைக்கவும் கூடாது, காற்றாடும் துணிப்பைதான் சரி.

மலையிறங்கும்போதுதான் பிஎல்ஏவின் குணம் தெரியும். சுமார் 60 டிகிரியில் அது இளக ஆரம்பிக்கும். குன்னூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, 1,850 மீட்டர் உயரத்தில் அந்தச் சூடு எங்கிருந்து வரும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள், அதுவும் பின்கண்ணாடிக்குக் கீழே, அந்தச் சூடு சாதாரணமாக வரும். கோவை நண்பர் ஒருவரின் ஹெல்மெட் அப்படித்தான் ஒரு பக்கம் உட்கார்ந்துபோனது. திரும்ப நிமிர்த்தப் பார்த்தார், முகப்புக் கண்ணாடி அதன்பிறகு பொருந்தவே இல்லை. பிரிண்டரில் ஓட்டும் வேறு பிளாஸ்டிக்குகளில் பெட்ஜி 80 டிகிரி வரை தாங்கும், ஏபிஎஸ் 100க்கு மேலும் தாங்கும். ஏபிஎஸ் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, குளிர்ந்த அறையில் அது ஓரம் தூக்கிக்கொள்ளும் என்பதால் மூடிய பெட்டி உள்ள மிஷின் வேண்டும். ஃபோமும் சூட்டில் வளையும், ஒட்டும் விடும், அதை மறைக்கவில்லை. ஆனால் அதை ஹீட் கன்னால் வளைத்த நீங்களே மறுபடி ஹீட் கன்னால் சரியாக்கலாம். பையில் சின்ன டியூப் பசையும் ஒரு துண்டு ஃபோமும் இருந்தால் அரங்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்தே வேலையை முடித்துவிடலாம். உடைந்த பிஎல்ஏவை உடனடிப் பசையால் ஒட்டலாம்தான், ஆனால் ஒட்டின கோடு தெரியும், பட்டியும் பெயின்ட்டும் இல்லாமல் அது மறையாது.

நம் பயணமும் அப்படிப்பட்டது. குன்னூரிலிருந்து பஸ்ஸில் கொண்டைஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, ராத்திரி முழுக்கப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஃபோம் பாகங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரே பையில் கொண்டுபோகலாம், மேலே யாராவது பெட்டி வைத்தாலும் நசுங்கி மீளும். பிரிண்டர் ஹெல்மெட்டுக்குத் தனி அட்டைப்பெட்டி, அதை வைக்கத் தனி இடம், பக்கத்து சீட்காரரிடம் “அண்ணா, இதுமேல மட்டும் எதையும் வெச்சிராதீங்க” என்று வழிமுழுக்கக் கெஞ்சல்.

மரியாதைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அரங்கத்தில் தோளோடு தோள் உரசும் கூட்டம், பாதிப்பேர் பிள்ளைகள். கடினமான பிளாஸ்டிக் தோள்கவசத்தின் முனை சரியாக ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் வரும். ஃபோம் முனை பட்டால் வலிக்காது. வாசலில் ஆயுதங்களைச் சோதிக்கிறவர்களும் ஃபோம் வாளை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார்கள். அதேபோல எதிரில் வருகிறவரின் உடையைத் தொடுவதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னால் கேளுங்கள். காஸ்ப்ளே போட்டுக்கொண்டு வந்ததாலேயே ஒருவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது.

பிரிண்டரை முழுக்க ஒதுக்கவில்லை. வீட்டு ஷெல்ஃபில் அழகுக்கு வைக்கும் ஹெல்மெட் என்றால் பிரிண்டர்தான், ஃபோமில் அந்த வழவழப்பு வராது. பதக்கம், பொத்தான், வாள்பிடி, எல்ஈடி உட்காரும் கூடு, இருபது தடவை ஒரே மாதிரி வர வேண்டிய ஆணித்தலைகள், இதெல்லாம் பிரிண்டரில் அடித்து ஃபோம் கவசத்தில் பதித்தால் இரண்டின் நல்லதும் கிடைக்கும். என் தோள்கவசத்தில் இருக்கும் புலிமுகம் அப்படி அடித்ததுதான், உள்ளங்கை அளவு, தொட்டால்தான் பிளாஸ்டிக் என்று தெரியும். இழைக்குப் பதில் திரவ ரெசினில் அடிக்கும் ரெசின் பிரிண்டர் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, வைத்துக்கொண்டதில்லை. ஃபோமின் ஆயுளைப் பற்றியும் சில வருஷம் வரைதான் என் அனுபவம் பேசும். வெயில் படும் ஜன்னலோரம் மாட்டி வைத்தால் எந்த ஃபோமும் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது மட்டும் உறுதி.

இந்த வருஷம் முதல்முறை செய்யப் போகிறீர்கள் என்றால், மிஷினுக்கு இப்போதே பணம் போடாதீர்கள். 5 மில்லிமீட்டர் ஷீட் இரண்டு வாங்கி ஒரு முன்கைக் கவசம் மட்டும் செய்து பாருங்கள். ஒட்டுகிற வேலையை மழை பிடிப்பதற்கு முன், செப்டம்பருக்குள் முடித்துவிட்டால் பாதி தொல்லை குறையும். புலிமுகம் மாதிரி சின்னப் பாகம் வேண்டுமென்றால் கோவையில் ஃபைலைக் கொடுத்தால் அடித்துக் கொடுக்கிறார்கள், கிராம் கணக்கில்தான் காசு.