காரைக்குடி பழைய சாமான் கடையில் வாங்கிய தமிழ் லெக்சிகன்

வாங்கக் காரணமே சித்தப்பாவோடு வந்த சண்டைதான். பிள்ளையார்பட்டிக்கு மாதம் தவறாமல் போகிறவன் நான், ஜாதகப் பொருத்தம் மட்டும் பார்க்க வேண்டாமே என்றேன், உடனே "நாத்திகம் பேசாதேடா" என்று விட்டார். சாமி கும்பிடுகிறவன் எப்படி நாத்திகன் ஆவான்? சரி, அகராதியையே பார்த்துவிடுவோம் என்று முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடைக்குப் போனேன். மரத்தூணுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவில் சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் கிடந்தது, 1982 மறுபதிப்பு, ஆறு தொகுதியும் அனுபந்தமும். கடைக்காரர் 2,800 ரூபாய் சொன்னார், 2,200க்கு முடிந்தது.

"ஒரு தாள் குறையாது தம்பி" என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து புரட்டினால் முதல் தொகுதியில் பதினாறு பக்கத்தைக் காணோம், கடைசித் தொகுதியின் அட்டையைச் செல்லரித்திருக்கிறது. போன் செய்தால் எடுக்கவில்லை.

ஆனால் புத்தகம் தங்கம். எழுத்து பொடி, மேற்கோள் சுருக்கங்கள் பழக ஒரு வாரம் ஆகும், அதைப் பொறுத்துக்கொண்டால் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போகும். நாத்திகத்தைத் தேடப் போனவன் பாசண்டத்தில் மாட்டிக்கொண்டேன். வேதநெறிக்குப் புறம்பான மதம் என்று வசவாகப் பிற்காலத்தில் புழங்கிய சொல் இது. அசோகர் கல்வெட்டுகளிலோ இதற்குச் சும்மா 'சமயப் பிரிவு' என்றுதான் அர்த்தம், எல்லாப் பாசண்டத்தாரையும் மதிப்பதாகவே அரசர் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் இன்னும் வேடிக்கை, சாமிக்கே இந்தப் பெயர்: மாற்றாள் பிள்ளைக்குப் பால் கொடுக்க, அது விக்கிச் செத்துப்போக, மாலதி என்ற பெண் கோயில் கோயிலாக ஓடிக் கடைசியில் விழுந்து கிடப்பது பாசண்டச் சாத்தன் கோயிலில். இந்தச் சாத்தனை 96 வகைச் சமய நூலும் கற்றவன் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். சாத்தன் என்றால் ஐயனார்தான். அதாவது நம் ஊர் எல்லையில் மண்குதிரையோடு உட்கார்ந்திருப்பவர்!

நாத்திகத்துக்கு வருகிறேன். மனு சொல்வது வேதத்தை நிந்திப்பவன் நாத்திகன் என்று. வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சைத் தத்துவம் படைத்த கடவுள் ஒருவர் தேவை என்று சொல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் ஆத்திகம், வேதத்தை ஏற்காததால் பௌத்தமும் சமணமும் நாத்திகம். கடவுள் இல்லை என்பவர் என்ற அர்த்தம் இங்கே கெட்டிப்பட்டது பெரியார் காலத்தில். லெக்சிகன் 1936இல் முடிந்துவிட்டது, அனுபந்தம் 1939, அதற்குப் பிறகு சொல் போன போக்கை இதில் தேடக் கூடாது. சைவ சித்தாந்தக்காரர்கள் வேதத்தை ஒப்பாத சமயங்களைப் 'புறப்புறம்' என்று தள்ளிவைத்தார்கள், அப்புறம் புறம், அகப்புறம், அகம் என்று படி கட்டினார்கள். கத்தோலிக்கரான வீரமாமுனிவர், சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான லுத்தரன் பாதிரிகளை மறுத்து எழுதிய நூலின் பெயர் 'பேதகமறுத்தல்', பேதகம் என்றால் பிரிவினை. ஆளுக்கொரு சொல், அடுத்தவனைச் சொல்ல!

எனக்குப் பொருந்தும் சொல் இன்னும் கிடைக்கவில்லை. சித்தப்பாவிடம் பாசண்டச் சாத்தனைக் காட்டினேன், "ஐயனாரையுமா?" என்றவர் அந்தத் தொகுதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைக்குப் போகலாம், சாமான் நல்ல சாமான்தான். காசு கொடுக்கும் முன் அங்கேயே உட்கார்ந்து பக்க எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள், கட்டைப்பை ஒன்று போதாது, இரண்டாகக் கொண்டுபோங்கள்.