மழை இழப்பும் பேஸ்ஃப்ளோவும்: தாமிரபரணிக்கு எந்த ஜோடி?

வற்றாத ஆற்றுக்கு வெள்ள மாதிரி அமைக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு முதலிலேயே பதில் வேண்டும். பெய்த மழையில் மண் எவ்வளவு குடிக்கும்? மழை நின்ற பிறகும் ஆற்றில் ஓடும் ஊற்றுநீரை, அதாவது பேஸ்ஃப்ளோவை, எப்படிச் சேர்ப்பது? மழையிலிருந்து ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் எச்.இ.சி-எச்.எம்.எஸ் மென்பொருளில் இரண்டுக்குமே பல வழிகள் உண்டு. தாமிரபரணிப் படுகைக்கு வேலை செய்தபோது என் முன்னால் கடைசியில் நின்றவை இரண்டு ஜோடிகள்; ஒவ்வொன்றிலும் முதலாவது மழை இழப்புக்கு, அடுத்தது பேஸ்ஃப்ளோவுக்கு. ஒன்று, கர்வ் நம்பரும் ரிசெஷனும். மற்றது, டெஃபிசிட்-கான்ஸ்டன்ட்டும் லீனியர் ரிசர்வாயரும். நான் இரண்டாவதை எடுத்தேன்.

கர்வ் நம்பர் என்பது ஒரு நிலத்தில் மழை எவ்வளவு வழிந்தோடும் என்பதைக் காட்டும் எண்; எண் கூடினால் வழிந்தோடுவதும் கூடும். அதன் வசதி தெரிந்ததுதான். நிலப்பயன்பாட்டு வரைபடமும் மண் வகையும் கையில் இருந்தால் போதும். அளவீடே இல்லாத சின்ன ஓடையில் சிறுபாலம் கட்ட இன்றும் அதையே எடுப்பேன். ஊடுருவலை மண்ணின் பண்புகளிலிருந்தே கணக்கிடும் கிரீன்-ஆம்ப்ட் முறைக்கு வேண்டிய மண் விவரம் நம்மிடம் அரிது, அதனால் அதைத் தொடவில்லை.

சிக்கல், முந்தைய ஈரத்தைக் கர்வ் நம்பர் கையாளும் விதத்தில் இருக்கிறது. பழைய வழக்கப்படி, பயிர்க் காலத்தில் முந்தைய 5 நாள் மழை 53 மி.மீ. தாண்டினால் மண் 'ஈரம்', 36-க்குக் கீழே 'வறட்சி', நடுவில் 'சராசரி'. அந்த 5 நாளுக்கு முன் கொட்டிய மழை கணக்கிலேயே இல்லை. சராசரியில் 80 ஆக இருக்கும் எண் ஈரத்தில் சுமார் 91 ஆகிவிடும். தொடக்க இழப்பை, மண் அதிகபட்சம் பிடித்துவைக்கக்கூடிய நீரில் 0.2 பங்கு என்று வைத்து 60 மி.மீ. மழைக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் எண்ணுக்கு வழிந்தோடுவது 20 மி.மீ., இரண்டாவதற்கு 38. முந்தைய 5 நாள் மழை 52 மி.மீ.-ஆ 54-ஆ என்ற வித்தியாசம் வெள்ளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. 400 மி.மீ. மழைக்கு அதே இரண்டு எண்களும் 333, 371 என்று நெருங்கிவிடுகின்றன. 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. போன்ற மழைக்கு, மணற்பாங்கான தேரி நிலத்தைத் தவிர்த்தால், எந்த முறை என்பது வெள்ள உச்சத்தைப் பெரிதாக மாற்றாது. நடுத்தர மழையில்தான் தேர்வு கடிக்கிறது.

வடகிழக்குப் பருவமழையோ இடைவெளி விட்டு விட்டுப் பெய்வது. நவம்பரில் ஒரு சுற்று, பத்து நாள் வெயில், அப்புறம் இன்னொரு சுற்று. கர்வ் நம்பருக்கு அந்த வெயில் தெரியாது. இரண்டு சுற்றையும் மென்பொருளில் ஒரே கணக்காகப் போட்டால் முதல் சுற்றில் நிரம்பிய மண் நிரம்பியபடியே இருக்கும். எண் 80 என்றால் மொத்த இழப்பு எத்தனை நாள் பெய்தாலும் 76 மி.மீ.-ஐத் தாண்டாது, ஊடுருவல் படிப்படியாகப் பூஜ்யத்தை நோக்கிப் போகும். டெஃபிசிட்-கான்ஸ்டன்ட்டில் மழை முதலில் மண்ணின் பற்றாக்குறையை நிரப்புகிறது, நிரம்பிய பின் மாறாத ஒரு வேகத்தில் கீழே இறங்குகிறது. மழையில்லாத நாளில் ஆவியாதல் பற்றாக்குறையை மறுபடி உண்டாக்குகிறது. நாளுக்கு 3 மி.மீ. என்றாலும் பத்து நாளில் 30 மி.மீ. இடம் கிடைக்கும். அடுத்த சுற்றின் தொடக்கத்தில் மண் எப்படி இருந்தது என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை.

பேஸ்ஃப்ளோவிலும் முடிவைத் தந்தது இதே நீர்க்கணக்குதான். ரிசெஷன் ஒரு மாறிலியை வைத்து நாளுக்கு நாள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகும். வரைபடத்தில் வால் பகுதி அழகாகப் பொருந்தும். ஆனால் அந்த நீர், ஊடுருவிய மழையோடு எந்த வகையிலும் கட்டப்பட்டதல்ல. பெய்ததைவிட அதிக நீர் ஆற்றில் ஓடியதாக விடை வந்தாலும் மென்பொருள் தடுக்காது. ஒரு பாலத்தின் உச்ச மட்டம் மட்டும் வேண்டுமென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு எத்தனை கன அடி வந்து சேரும் என்று கேட்டால் பொறுத்துக்கொள்ள முடியாது, அங்கே கேள்வியே வந்த நீரின் மொத்த அளவு பற்றியது. லீனியர் ரிசர்வாயரில் மண்ணுக்குள் இறங்கிய நீர்தான் நிலத்தடி அடுக்குகள் வழியாக மெதுவாக ஆற்றுக்குத் திரும்புகிறது. இறங்கிய அளவும் திரும்பிய அளவும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். பொதிகைக் காடுகளில் ஊறி வரும் நீரை இப்படிக் காட்டுவதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

விலை உண்டு. மாறா வேகம், அதிகபட்சப் பற்றாக்குறை, ஒவ்வொரு நிலத்தடி அடுக்கும் நீரை எவ்வளவு மெதுவாக விடும் என்று சொல்லும் காலமாறிலி எல்லாவற்றையும் அளவீட்டோடு ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும். மணிக்கு மணி எடுத்த நீரோட்டப் பதிவு இல்லாத துணைப்படுகையில் இவை வெறும் ஊகமாகிவிடும். கரிசல் நிலத்தில் என் அனுபவம் குறைவு. கோடையில் வெடித்த விரிசல்கள் முதல் மழையை அப்படியே விழுங்கி, பிறகு மூடிக்கொள்ளும். இந்தப் போக்கை ஒற்றை மாறா வேகம் பிடிக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சிற்றாறு போன்ற துணையாறுகளில் குளங்கள் தேக்கும் நீரை இழப்புக்குள் ஒளித்துவைக்காமல் தனியே காட்டுங்கள். இல்லாவிட்டால் மாறா வேகம் செயற்கையாக ஏறிவிடும், குளங்கள் நிரம்பிய அடுத்த சுற்றில் விடை குறைவாக வரும்.