பழைய பூச்சாடி: பீங்கானா, பித்தளையா, கண்ணாடியா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது மின்விசிறி இறக்கை தேடி. இறக்கை கிடைக்கவில்லை. கோணி விரிப்பு ஒன்றில், மூடியில்லாத மிக்சி ஜார்களுக்கும் செத்துப்போன டெலிபோன்களுக்கும் நடுவே மூன்று பூச்சாடிகள் நின்றிருந்தன. ஒன்று பீங்கான், ஒன்று பித்தளை, ஒன்று கண்ணாடி. "எல்லாமே வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, சார்" என்றார் கடைக்காரர். பையில் ஒன்றுக்குத்தான் இடம், பர்ஸிலும் அப்படியே. வெயில் ஏறும்வரை குந்தி உட்கார்ந்து மூன்றையும் புரட்டிவிட்டுப் பீங்கானை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. பித்தளை விழுந்தால் நசுங்கும், மற்ற இரண்டும் விழுந்தால் போயே போய்விடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வேண்டியிருந்தது வேறு. விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், நின்ற இடத்திலேயே ஒரு ஜாடியின் வயதைச் சொல்ல முடியுமா? அதை மட்டும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

பித்தளையில் தடயங்கள் இல்லாமல் இல்லை. தகட்டை வளைத்துச் செய்த பழைய பாத்திரங்களில், ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்த மூட்டு தெரியும். அடியைத் திருகாணியால் பிணைத்திருந்து அதன் தலையில் கூட்டல் குறி இருந்தால், அந்தத் திருகாணி 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. கொடியும் பூவுமாகச் செதுக்கி அரக்கு நிரப்பிய மொராதாபாத் வேலையை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. அதே பாணியில் இன்றும் அங்கே செய்கிறார்கள்.

இத்தனையும் புளி படும் வரைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பித்தளைச் சாடி வாங்கினேன். பழுப்பேறிய மேனி, செதுக்கலின் பள்ளத்தில் கறுத்து உறைந்த களிம்பு. லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்த அத்தை போகியன்று கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக அதை ஒரு பிடி பிடித்துவிட்டார். "தங்கமாட்டம் ஆக்கிட்டேன் பார்" என்று நீட்டினார். உண்மையில் தங்கம்போலத்தான் இருந்தது, நேற்று வார்த்ததுபோல. அத்தையைக் குறை சொல்வானேன்? இந்த ஊரில் பித்தளை என்றால் தேய்ப்பதற்குத்தான். தேய்க்காமல் விட்டால் கடற்காற்றில் பச்சை பூக்கும். மூன்று தலைமுறை தேய்த்த பாத்திரத்தில் செதுக்கலே மழுங்கிப் போயிருக்கும். சரி, கறுத்திருப்பதை நம்பலாமா என்றால், புதுப் பித்தளையை ரசாயனத்தில் முக்கிக் கறுக்கவைத்து விற்பவர்களும் உண்டு. பளபளப்பும் சாட்சியில்லை, கறுப்பும் சாட்சியில்லை.

பீங்கானுக்கு யாரும் புளி போடுவதில்லை. அதிலும் அதன் அடியை யாரும் தொடுவதே இல்லை. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்கு அப்பா என்னைச் சிறுவயதில் அழைத்துப் போவார். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தின் அருமை எனக்கு இந்தச் சாடியில்தான் புரிந்தது.

கவிழ்த்தால் முதலில் முத்திரை. 1891 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஜப்பானியப் பீங்கானில், தங்கள் நாட்டைத் தாங்கள் அழைக்கும் பெயரில் 'நிப்பான்' என்று பொறித்தார்கள். 1921இல் அது செல்லாது, 'ஜப்பான்' என்றே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாடு நேச நாடுகளின் பிடியில் இருந்தபோது 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்'. அந்தப் பிடி 1952இல் தளர்ந்தது. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். அந்த ஜெர்மன் சாடிகள் பலவற்றில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். பின்னது பெரும்பாலும் சென்டிமீட்டரில் உயரம். அளந்து பார்த்தால் சரியாக வரும்போது ஏற்படும் குஷியே தனி. முத்திரை இல்லாததாலேயே பழசு என்று துள்ளக் கூடாது. வெறும் காகிதச் சீட்டு ஒட்டி வந்தவையும் ஏராளம்.

சீன எழுத்தைக் கண்டுதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். நகரத்தின் ஒரு கடையில், அடியில் நீல நிறத்தில் ஆறு எழுத்து கொண்ட சாடி. கியென்லுங் பேரரசர் காலத்து முத்திரை என்றார்கள். அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயரை அதற்குப் பின் வந்தவர்களும் மரியாதைக்காகவும் காசுக்காகவும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் அடிவளையத்தைத் துடைத்தேன். நூற்றாண்டுப் பழுப்பு டிகாக்‌ஷன் நிறத்தில் துணிக்கு வந்துவிட்டது.

அதன்பின் முத்திரையைவிட அடிவளையத்தையே அதிகம் நம்புகிறேன். மெருகுப் பூச்சு இல்லாமல் மேசையில் உட்காரும் அந்த வட்டத்தில், பல்லாண்டு இழுத்து நகர்த்திய கீறல்கள் தாறுமாறாக, எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியது ஒரே திசையில் வரிவரியாக இருக்கும். கைபேசி விளக்கை உள்ளே விட்டால் நல்ல பீங்கானில் வெளிச்சம் கசியும், விரிசல் இருந்தால் கறுப்பு இழையாகத் தெரியும். மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சோதனை இங்கும் செல்லும். கணீரென்றால் முழுசு, சொத்தென்றால் எங்கோ கீறல். பூ வேலையை லென்ஸில் பார்த்து, புள்ளி புள்ளியாக இருந்தால் அச்சு. தூரிகை என்றால் இதழுக்கு இதழ் மை கூடிக் குறைந்திருக்கும்.

நான் வாங்கியதில் 'மேட் இன் ஜப்பான்' இருந்தது. வளையத்துக்குள்ளே, பாதி அரித்த ஒரு கடைச்சீட்டும் இருந்தது. "மவுண்ட் ரோடு, மெட்ராஸ் - 2" என்று அச்சு, கீழே பென்சிலில் 12-8-0. எனக்குச் சட்டென்று வியர்த்துவிட்டது. 1972இல் பின்கோடு வந்தது; வெறும் '2' அதற்கு முந்தைய வழக்கம். பன்னிரண்டு ரூபாய் எட்டணா என்று எழுதும் கணக்கோ, தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலோடு விடைபெற்றது. விற்ற நாளைத்தான் சீட்டு சொல்லும். செய்த நாள் அதற்கும் முன்னால், முத்திரையை வைத்துப் பார்த்தால் 1921க்குப் பின்னால். வெள்ளைக்காரன் காலமா, நேரு காலமா என்பதை இன்னும் முடிவுகட்ட முடியவில்லை. இவ்வளவு நெருங்கியதே எனக்குப் பெரிது.

கண்ணாடியைப் பற்றி அடக்கமாகத்தான் பேச வேண்டும்; நான் வாங்கியது மொத்தமே இரண்டு. ஊதிச் செய்ததில், அடியைத் தாங்கிப் பிடித்த இரும்புக் கோலிலிருந்து உடைத்தெடுத்த வடு அடியில் இருக்கும், அல்லது அதைச் சாணை பிடித்த குழி இருக்கும். அச்சில் வார்த்ததில் பக்கவாட்டில் தையல்போல ஒரு கோடு ஓடும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கைக் காட்டினால் யுரேனியம் கலந்த பழைய கண்ணாடி பச்சையாக ஒளிரும். இருட்டில் அதைப் பார்ப்பதற்காகவே ஒன்று வாங்கலாம். நாட்டின் பெயரைத் தாங்கியது பெரும்பாலும் ஒட்டுச்சீட்டுதான் என்பதால் முதல் கழுவலிலேயே அது போயிருக்கும். 'செக்கோஸ்லோவாகியா' என்று கண்ணாடியிலேயே பொறித்தது கிடைத்தால் அதிர்ஷ்டம். 1918க்கு முன்பு அப்படியொரு நாடே இல்லை.

பித்தளைக்கு ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். நாளைக்கே விற்க நேர்ந்தால் எந்தப் பாத்திரக் கடையிலும் எடைக்கு எடை காசு தருவார்கள். விளிம்பு தெறித்த பீங்கானைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. முதலுக்கு மோசம் வரக்கூடாது என்பவர்கள் பித்தளைப் பக்கமே போகலாம்.

அத்தை போன வாரம் வந்திருந்தார். சாடியைக் கையில் எடுத்தவர், வழக்கத்துக்கு மாறாகக் கவிழ்த்தும் பார்த்துவிட்டு, "அடியில் என்ன இது அழுக்குத் தாள்? வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்தால் வந்துவிடும்" என்றார். இப்போது சாடி பரணுக்குப் பக்கத்து அலமாரியில், அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.